விழாத வெட்டு

சங்கரிக்குக் கோபம் வந்தால் தெருவில் நாலு தறி நின்றுவிடும் என்று பிள்ளையார்பாளையத்தில் கேலியாகச் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த மூன்றாவது மாதமே, தண்ணீர் லாரி வரிசையில் குறுக்கே நுழைந்த ஒரு கட்சிக்காரரின் குடத்தைத் தூக்கி நடுரோட்டில் வைத்துவிட்டு, "பின்னாடி போய் நில்லுங்க, உங்களுக்கு மட்டும் தனி தாகமா?" என்று கேட்டவள் அவள். அப்போது வயது இருபத்திரண்டு. இப்போது நாற்பத்தொன்று. இத்தனை வருஷத்தில் அவள் யார் யாரிடமோ எதற்கெதற்கோ கோபப்பட்டிருக்கிறாள். கடைசி மூன்று வருஷமாகக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அவளுடைய கொழுந்தன் அவளைக் கொல்ல வந்தானா, சும்மா வெட்ட வந்தானா என்று வெட்டுப்பட்டவளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு ஊரே பேசிக்கொண்டிருந்தது. சும்மா வெட்டுவதாம். காய்கறியா அவள்?

கொழுந்தன் பெயர் குமரகுரு. அவள் புருஷன் சிவபாலனுக்குத் தம்பி. அவனும் தறியில் வளர்ந்தவன்தான், பன்னிரண்டு வயதில் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எறிந்தவன். பிறகு நெசவு அலுத்துப்போய், கோயில் பார்க்கவும் சேலை வாங்கவும் வரும் வெளியூர்க்காரர்களுக்கு ரூம் பிடித்துக் கொடுக்கும் தொழிலுக்குப் போனான். போன இடத்தில் ஆசை வந்தது. சொந்த வீட்டையே இடித்து மாடி மாடியாகக் கட்டி ரூம் விட்டால் என்ன? வீடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. இடிப்பதற்கு ஒரே தடை, முன்கூடத்தில் இருந்த தறிக்குழி. அந்தக் குழியில் தினமும் காலை ஏழு மணிக்கு இறங்கி சாயங்காலம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள் சங்கரி. கையில் கல்யாண சீசன் வேலை எப்போதும் இருந்தது. குழியை மூட முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

சிவபாலன் சொசைட்டிக் கொட்டகையில் நெய்கிறவன். நல்ல மனுஷன், நல்ல நெசவாளி, வாய் மட்டும் கடவுள் வைக்க மறந்துவிட்டார். தம்பி கத்தினால் தரையைப் பார்ப்பான், பெண்டாட்டி கத்தினால் சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவான். பேச வேண்டியதை எல்லாம் சங்கரியே பேசினாள். அதனால் குமரகுருவின் ஆத்திரமும் அவள் ஒருத்தி மேலேயே சேர்ந்தது.

"ஒரு நாள் இல்ல ஒரு நாள் உன் பாவை அறுக்கப்போறேன் அண்ணி, பாத்துக்கினே இரு" என்று அவன் சொல்லத் தொடங்கினான்.

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு. மூன்று சேலைக்கான நூல், ஆயிரக்கணக்கான இழை, விறைப்பாக நிற்கும். ஒருவன் கத்தியை வைத்து இழுத்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் போய்விடும். அதனால்தான் நெசவாளிகள் சண்டையில் கடைசிக் கட்டத்தில் சொல்லும் வார்த்தை அது. சொல்வார்களே தவிர யாரும் செய்ய மாட்டார்கள். செய்தவன் வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். குமரகுருவும் சும்மா மிரட்டுகிறான் என்றுதான் சங்கரி நினைத்தாள். ஆனாலும் அந்த வார்த்தை மனசில் தைத்துவிட்டது. சாப்பாட்டுக்கு எழுந்தாலும் திரும்பித் திரும்பித் தறியைப் பார்ப்பாள்.

2022ஆம் வருஷம், பங்குனித் திருவிழா முடிந்த மறுநாள், காலை பதினொரு மணி. தறியில் மாம்பழ மஞ்சளில் ஒரு கல்யாணச் சேலை. உடல் மஞ்சள், கரை வேறு நிறம். இப்படிக் கோர்வை நெய்ய இரண்டு பேர் வேண்டும். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பவர் ஒருவர், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை எறிகிறவர் இன்னொருவர். சங்கரி குழியில் இருந்தாள். பக்கத்தில் அவளுடைய மாமியார் காமாட்சியம்மாள். சிவபாலனையும் குமரகுருவையும் பெற்றவள். அறுபத்தெட்டு வயதிலும் நாடாவைக் கண்ணால் பார்க்காமலே எறிவாள்.

குமரகுரு புழக்கடையிலிருந்து வந்தான். கையில் தேங்காய் வெட்டும் கத்தி. "இன்னிக்கி பாவை அறுக்காம வுட மாட்டேன்" என்று கத்திக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தான். குழியில் இருப்பவள் சட்டென்று எழுந்து ஓட முடியாது. மடிமேல் படமரம் இருக்கும், நெய்த துணி அதில் சுருண்டிருக்கும். பின்னால் நகர்ந்து, ஒவ்வொரு காலாக வெளியே எடுத்துத்தான் எழ வேண்டும். ஆனால் சங்கரி எழப் பார்க்கவே இல்லை. எந்த நெசவாளியும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். இரண்டு கைகளையும் விரித்து, முகத்தைக் குப்புறக் கவிழ்த்து, பாவின் மேல் அப்படியே படுத்துக்கொண்டாள்.

பட்டில் முகம் புதைந்திருந்தபோது அவன் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் தறிக்கு முன்பக்கம். பிறகு சுற்றிக்கொண்டு அவள் முதுகுப்பக்கம். பாவை விட்டுவிட்டு இவன் ஏன் பின்னால் போகிறான் என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவுதான். வலப்பக்கம், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வெட்டு விழுந்தது. மாமியாரின் அலறல், கத்தி தரையில் விழுந்த சத்தம், யாரோ ஓடும் சத்தம். தலையைத் தூக்கியபோது மஞ்சள் பட்டின் மேல் அவள் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

கொட்டகையிலிருந்து ஓடிவந்த சிவபாலனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "பாவு அறுந்துச்சா?"

அவன் அழுதுகொண்டே தறியைப் பார்த்தான். "ஒரு இழைகூட அறுவல."

காறை எலும்பு பிளந்திருந்தது. பத்தொன்பது தையல். அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் தைப்பதற்கு முன் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். பாதி மயக்கத்தில் சங்கரி சொன்னாள்: "பாவை அறுக்க வந்தான் சார். நான் குறுக்க படுத்துட்டேன்." டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. அவள் சொன்னதை எழுதினார். அவள் நம்பியதைச் சொன்னாள். அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதே நேரம் வீட்டில் இன்னொரு காரியம் நடந்தது. ரத்தம் பட்ட பாவு தறியில் இருக்கக்கூடாது, அதுவும் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஏற்றிய பாவு, வீட்டுக்கு ஆகாது என்று காமாட்சியம்மாள் சொன்னாள். தெருவில் இரண்டு மூன்று பெரியவர்களும் ஆமாம் என்றார்கள். அப்படி ஒரு வழக்கம் இருக்கத்தான் செய்கிறது. சிவபாலன் யோசிக்கவே இல்லை. கத்தரியை எடுத்தான், தானே பாவை அறுத்தான், மூட்டையாகக் கட்டி வேகவதி ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். குமரகுருவின் கத்தி தொடாத பாவை அவன் அண்ணன் கையே அறுத்தது.

சாயங்காலம் போலீஸ் வந்தது. சம்பவ இடத்தைப் பார்த்து மகஜர் எழுதினார்கள். 'தறியில் பாவு நூல்கள் அறுந்து தொங்கிய நிலையில் காணப்பட்டன' என்று ஒரு வரி. எப்படி அறுந்தது, யார் அறுத்தது என்று யாரும் கேட்கவில்லை, சிவபாலனும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால்தான் சொல்லுவானாம், மகராசன். கூடவே ஒரு வரைபடம் போட்டார்கள். ஒரு நீள்சதுரம், நடுவில் 'தறி' என்று ஒரு சொல். எந்தப் பக்கம் உட்காருவது, எந்தப் பக்கம் பாவு, குழி எங்கே, வெட்டியவன் எங்கே நின்றான், எதுவும் அதில் இல்லை. டீக்கடை பெஞ்சையும் அப்படித்தான் வரையலாம்.

கொலை முயற்சி என்று வழக்குப் பதிவானது. குமரகுரு எண்பத்திரண்டு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்து, முசரவாக்கத்தில் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கினான். சங்கரி ஏழு மாதம் தறியில் உட்காரவில்லை. பிறகு உட்கார்ந்தாள். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை என்றாலும் நாடா எறிய அது போதும். புதிய பாவு ஏற்றினார்கள். பக்கத்தில் பழையபடி காமாட்சியம்மாள் வந்து உட்கார்ந்தாள். மருமகளுக்கு ஏழு மாதமும் சோறு பிசைந்து ஊட்டியவள், தலை வாரிவிட்டவள் அவள்தான். சின்ன மகனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கரியும் கேட்கவில்லை. கோர்ட்டில் எல்லாம் வெளியே வந்துவிடும், கண்ணால் பார்த்தவள் ஆயிற்றே என்று நம்பியிருந்தாள்.

வழக்கு 2024இல் விசாரணைக்கு வந்தது. சங்கரி கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கோபமே இல்லாத குரல், சிரித்த முகம், சங்கரிக்கு அதைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

"பாவை அறுப்பேன்னு அவர் முன்னாடியே பல தடவை சொல்லியிருக்கார் இல்லீங்களாம்மா?"

"ஆமா."

"அன்னிக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு உள்ள வந்தார்?"

"ஆமா."

"கொல்றேன், வெட்டறேன்னு எதுவும் சொல்லல?"

"சொல்லல. ஆனா..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. பாவை அறுக்க வர்றார்னு நினைச்சுதானே நீங்க குறுக்க படுத்தீங்க? டாக்டர்கிட்டயும் அதைத்தானே சொன்னீங்க?"

"ஆமா சார். நான் அப்டிதான் நெனச்சேன். அவன் இன்னா நெனச்சான்னு எனக்கு எப்டி தெரியும்? அவன் பின்னாடி வந்து..."

"அவ்வளவுதான், போதும்."

நீதிபதி எழுதிக்கொண்டார். அரசு வக்கீல் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவன் எங்கே நின்றான் என்று அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. சங்கரி கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது பல்லைக் கடித்த சத்தம் பெஞ்சு கிளார்க்குக்குக் கேட்டிருக்கும்.

அடுத்து சிவபாலன். பாவை அறுத்தது நான்தான், என் தம்பியின் கத்தி ஓர் இழையைக்கூடத் தொடவில்லை என்றான். இதை ஏன் அன்றைக்கே போலீஸிடம் சொல்லவில்லை என்று வக்கீல் கேட்டார். "அவங்க கேக்கல" என்றான். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். அறுத்த பாவு எங்கே? ஆற்றில். அதற்குச் சாட்சி? தெருப் பெரியவர்கள். அவர்கள் யாராவது வந்தார்களா? வரவில்லை. சங்கரி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் வாழ்க்கையில் ஒரு தடவை வாயைத் திறந்து உண்மை சொன்னான், அதையும் பொய் என்று ஆக்கிவிட்டார்களே என்று வயிறு எரிந்தது.

காமாட்சியம்மாள் கூண்டில் ஏறியபோது சங்கரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இனி என்ன, பார்த்தவள் சொல்லப்போகிறாள்.

"நான் அடுப்பங்கரையில இருந்தேங்க. சத்தம் கேட்டு வந்து பாத்தேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு" என்றாள் காமாட்சியம்மாள்.

அரசு வக்கீல் இவளைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லிவிட்டு, ஒப்புக்கு நாலு கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் "தெரியாதுங்க" என்றாள். அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டு கோர்வை நாடா எறிந்தாளாம்! அந்தக் கோர்ட்டில் நெசவு தெரிந்த ஒரு ஆள் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பிடித்திருப்பார். நீதிபதி தெற்கத்திக்காரர், நல்லவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தறிக்குழியைக் கிட்டப் போய்ப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

அன்று கோர்ட் வளாகத்துக் கேன்டீனில்தான் துளசி அறிமுகமானாள். இலவச சட்ட உதவி மையத்தில் இருக்கும் வக்கீல், முப்பது வயதிருக்கும். சங்கரி யாரும் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டு, டீயுடன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, காயம் எவ்ளோ பெருசுங்கறது இந்த செக்ஷனுக்கு முக்கியம் இல்ல. கீறல் பட்டாலும் கொலை முயற்சிதான், வெட்டும்போது கொல்லணும்னு மனசுல இருந்துச்சுன்னா. கழுத்தே பொளந்தாலும் இல்ல, மனசுல அது இல்லன்னா."

"மனசுல இருந்தத யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்க முடியாது. அதான் வெளிய தெரியறத வெச்சு அளப்பாங்க. இன்னா ஆயுதம், உடம்புல எந்த இடம், எத்தினி வெட்டு, வாயில இன்னா சொன்னான், அதுக்கப்புறம் இன்னா பண்ணான். இதெல்லாம்."

"பாவு எங்கம்மா இருக்குது? எனக்கு முன்னாடி. அவன் வெட்டினது எனக்குப் பின்னாடி நின்னு. பின்னாடி நின்னா அவன் கத்திக்கு எட்டறது நான் மட்டும்தான். பாவு எட்டாது. இது நெசவு தெரிஞ்ச எந்தக் கொழந்தைக்கும் தெரியும். அவன் நெசவுக்காரன், அவனுக்குத் தெரியாதா? இத ஏன் யாரும் கேக்கல? நான் ஏமாந்து நெனச்சதை எடுத்து அவன் நெனச்சதா எழுதிக்கினு இருக்காங்க!"

துளசி டீயைக் கீழே வைத்துவிட்டாள். இதைக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுங்கள் என்று அரசு வக்கீலிடம் போய் நின்றாள். சாட்சி விசாரணை முடிந்துவிட்டது, வாதத்தில் சொல்லுகிறேன் என்றார் அவர். வாதத்தில் அவர் சொன்னாரோ இல்லையோ, தீர்ப்பில் அது இல்லை.

தீர்ப்பு 2025 ஆவணியில் வந்தது. கொலை முயற்சி நிரூபிக்கப்படவில்லை. ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்த குற்றத்துக்கு இரண்டு வருஷம். நீதிபதி சொன்ன காரணங்கள் இவை: கத்தி வீட்டில் கிடந்தது, வெளியிலிருந்து திட்டமிட்டுக் கொண்டுவந்ததல்ல. பாவை அறுப்பதே எதிரியான குமரகுருவின் நோக்கம் என்பது பாதிக்கப்பட்டவரின் முதல் வாக்குமூலத்திலேயே இருக்கிறது. பாவு அறுந்து கிடந்ததை மகஜர் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஒரு வெட்டு. எழுந்து ஓட முடியாத நிலையில் ஒரு பெண் கிடக்க, தடுக்க யாரும் இல்லாதபோதும், எதிரி இரண்டாவது முறை வெட்டவில்லை, தானாகவே நிறுத்திக்கொண்டார். கொல்லும் எண்ணம் இருந்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்.

சங்கரி அந்த வரியைக் கேட்டதும் எழுந்துவிட்டாள். சிவபாலன் கையைப் பிடித்து உட்கார வைத்தான். அப்பீல் போக அவகாசம் கொடுத்து, தண்டனையை நிறுத்திவைத்து, குமரகுருவுக்கு அப்போதே ஜாமீன் கொடுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் அவன் வெளியே நின்று சிநேகிதர்களிடம் கை குலுக்கிக்கொண்டிருந்தான்.

"ஒரு வெட்டு போதலையாம்மா இவங்களுக்கு?" சங்கரி படிக்கட்டிலேயே கத்தினாள். "ரெண்டாவது வெட்டையும் வாங்கிக்கினு, செத்துப்போய் வந்து சாட்சி சொல்லணுமா நானு?"

துளசி அவளை ஓரமாக இழுத்துப் போனாள். "அக்கா, சின்னக் குத்தமா ஆக்கி தண்டனை குடுத்தா, அடிபட்டவங்களே ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போலாம். உங்களுக்கு அந்த உரிமை இருக்குது. ஆனா ஒண்ணு, தானா நிறுத்திக்கினான்னு எழுதியிருக்காரு பாருங்க, அதுதான் சுவரு மாதிரி நிக்குது. அத ஒடைக்கணும். அவன் ஏன் நிறுத்தினான்னு தெரியுமா உங்களுக்கு?"

சங்கரிக்குத் தெரியவில்லை. அன்று அவள் முகம் பட்டில் புதைந்திருந்தது. மூன்று வருஷமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வெட்டு ஏன் விழவில்லை? அவனுக்கு இரக்கம் வந்ததா? அவனுக்கா?

"போதும் சங்கரி, வுட்டுடு. வீட்டுக்குப் போலாம்" என்றான் சிவபாலன். யோசித்துச் சொல்கிறேன் என்று துளசியிடம் சொல்லிவிட்டு அவனோடு கிளம்பினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஓர் ஆட்டோ வந்து வாசலில் நின்றது. குமரகுரு இறங்கினான். புதுச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒரு பை. வீடு அவனுக்கும் பொதுதானே, ஜாமீனில் இங்கே வரக்கூடாது என்றும் நீதிமன்றம் சொல்லவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். சங்கரி தறியை விட்டு எழுந்து கூடத்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து காமாட்சியம்மாள் வந்தாள். கையில் ஆரத்தித் தட்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நடுவில் கற்பூரம். மகனைக் கிழக்கே பார்த்து நிற்கவைத்து மூன்று சுற்றுச் சுற்றினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"வந்துட்டான், அது போதும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "கோவத்துல ஏதோ பண்ணிட்டான். அதுக்குமேல ஒண்ணும் பண்ணாம கத்திய கீழ போட்டான் இல்ல? ஜட்ஜே சொல்லியிருக்காராமே, மனசுல கெட்டது இல்லன்னு."

அதற்குமேல் சங்கரியால் முடியவில்லை.

"ஆமாமா, உத்தமன்! ஒரு வெட்டோட வுட்டதுக்கு ஆரத்தி. ரெண்டா வெட்டியிருந்தா மாலை போட்டிருப்பீங்களா? ஏன் அத்தை, இந்தக் கூடத்துல எம்மேல ரத்தம் ஓடினப்ப நீ அடுப்பங்கரையில இன்னா கொழம்பு வெச்சிக்கினு இருந்த? சொல்லு! அத்தினி நாள் எனக்கு சோறு ஊட்டினியே, கூண்டுல ஏறினப்ப அந்த நெனப்பு வந்துச்சா? நான் செத்துப் போயிருந்தாக்கூட உனக்கு ஒண்ணும் இல்ல, உன் புள்ள தானா நிறுத்திக்கினான், தானா!"

"வாய மூடுடீ!" காமாட்சியம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். வேறு எதைச் சொன்னாலும் தாங்கிக்கொண்டிருப்பாள், மருமகள் செத்துப்போயிருந்தாலும் தனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னதை அவளால் தாங்க முடியவில்லை. "நான் உன்ன சாகக் குடுத்திருப்பேன்றியா? ரெண்டாவது தடவை ஓங்கினான்டி அவன்! ஓங்கின கைய எட்டிப் புடிச்சித் தொங்கினவ நான்! இதோ பாரு, கத்தியில அறுந்த கை. அரிவாமணையில வெட்டிக்கினேன்னு உங்க எல்லாருகிட்டயும் பொய் சொன்னேன். நான் தொங்கலன்னா உன் தலை தனியா கெடந்திருக்கும்டீ அந்தத் தறியில!"

உள்ளங்கையில் குறுக்கே ஒரு நீளத் தழும்பு. தெரு முழுக்கப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சங்கரி அந்தத் தழும்பைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் கத்தவில்லை. "இத ஏன் அத்தை கோர்ட்டுல சொல்லல?"

"உன்ன காப்பாத்தினேன். அவனையும் காப்பாத்த வாணாமா? அவனும் நான் பெத்த புள்ளதானே?" காமாட்சியம்மாள் விசும்பினாள். "நீதான் பொழச்சிக்கினியே. அவனும் பொழச்சிப் போவட்டும்னு வுட்டேன்."

குமரகுரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். முகத்தில் எரிச்சல்.

"யம்மா, உள்ள வா. கேஸு முடிஞ்சதுக்கப்புறம் இன்னாத்துக்கு இத நாலு பேரு எதுர சொல்லிக்கினு இருக்க?"

அம்மா சொன்னது பொய் என்று சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை. நான் ஓங்கவில்லை என்று ஒரு பேச்சுக்காவது அவன் சொல்லவில்லை. தெருவில் நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள், எதிர்வீட்டுக்காரி உட்பட.

சங்கரி இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். குமரகுருவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தெருக்கோடி வரை கேட்கும் குரலில் பேசினாள்.

"துளசிம்மா, நான் சங்கரி பேசறேன். யோசிச்சிட்டேன், அப்பீல் எழுதும்மா. அவன் ஏன் நிறுத்தினான்னு கேட்ட இல்ல? ஆள் இருக்குது. எங்க அத்தை. வர மாட்டேன்னுதான் சொல்லும், அழும், மயக்கம் போட்டு வுழும். ஒண்ணும் கவலைப்படாத. என் உயிர காப்பாத்தின கை இல்ல, அந்தக் கைய புடிச்சியே இழுத்துக்கினு வரேன்."